பத்துக் காசுப் பக்கம்

புகைப்படத்தில் திரையெழுத்துகள்
இடம் வலமாய்த் திரும்பியிருக்கின்றன.
காப்பகத்தில் யாரோ பென்சிலால் எழுதிவைத்தது:
"நெகட்டிவ் தவறு. திருப்பிப் பதிக்கவும்."

வேண்டாம் அம்மணி.
திருப்பினால் கடல் வலப்பக்கம் போய்விடும்.

காத்தோங் கரை. தென்னைக்கும் தென்னைக்கும் நடுவே
இழுத்துக் கட்டிய துணி.
முன்னால் ஓட்டல் விருந்தாளிகள்,
பிரம்பு நாற்காலி, ஒரு வெள்ளி.
பின்னால் சரிந்த மணல்,
பத்துக் காசு.

ஒளி துணியைக் கடக்க வேண்டுமென்றால்
துணி நனைந்திருக்க வேண்டும்.
ரீலுக்கு ரீல் ஏணியில் ஏறி
வாளியைக் கவிழ்த்தவன் வைரக்கண்ணு.
கிணற்றுநீர் என்றுதான் பேச்சு.
கிணறு தூரம். கடல் காலடியில்.
மாதக் கடைசியில் துணி உப்புப் பூத்தது;
அழாத காட்சியிலும்
நாயகிக்குக் கன்னம் மின்னியது.

பின்பக்கத்தில் எல்லோரும் இடக்கையர்.
இடக்கையால் வாள் வீசினார்கள், மோதிரம் மாட்டினார்கள்;
யாருக்கும் உறுத்தவில்லை.
விருந்தில் துரை இடக்கையால் தின்றபோதுதான்
மணல் முழுக்கச் சிரிப்பு.

மிஸ் பெஸ்டானாவின் பியானோ
அலை மூச்சு வாங்கும் இடைவெளியில்
துண்டு துண்டாய் வந்து சேர்ந்தது.
ஓதம் ஏறிய ஓர் இரவு
திரையில் பாலைவனம், ஒட்டகங்கள்;
பார்த்தவர்கள் முழங்கால் தண்ணீரில்.

இடையிடையே வசன அட்டை, ஆங்கிலத்தில்,
தலைமாறி.
ஒருவரும் முறையிடவில்லை.
எழுத்தே தெரியாதவனுக்கு
இடமென்ன, வலமென்ன.

வைரக்கண்ணு மட்டும்
வாளி காலியான நேரங்களில்
ஈரமணலில் விரலால் எழுதிப் பார்த்தான்.

சில வருடம் கழித்துத்
துறைமுகச் சம்பளப் பேரேடு.
பக்கம் முழுக்கப் பெருவிரல் ரேகைகள்,
நடுவில் ஒரே ஒரு கையெழுத்து,
வலமிருந்து இடமாக ஓடுகிறது.
ஆர் காலைப் பின்னுக்கு நீட்டியிருக்கிறது.
கிராணி ஓரத்தில் சிவப்பு மையில்:
"ஜாவியோ?"

பென்சில் குறிப்பை அழிக்கச் சொல்லி
மனுப் போட்டேன். மூன்று வாரமாயிற்று.
பரிசீலனையில் இருக்கிறதாம்.
கடலையே நகர்த்தி வைத்த ஊர் இது;
ஒரு படத்தைத் திருப்புவதா பெரிது?
துணி தொங்கிய இடத்திலிருந்து இன்று
விரைவுச்சாலை தாண்டி நடந்தால்தான் அலை.

ஆனாலும் பாருங்கள்,
இடது ஓரத்தில் பாதி வாளி.
அதைப் பிடித்த கை படத்துக்கு வெளியே.
சொட்டிய ஈரம் மட்டும்
உள்ளே விழுந்திருக்கிறது.