மௌனம் அகற்று: திருத்திய குறிப்பு

பாம்பனில், ஐஸ் கம்பெனிக்கு மேல் மாடியில் என் மேசை.
கீழே கம்ப்ரசர் ஓடினால் மேசை நடுங்கும்,
நான் எழுதும் வரியும்.

வீடியோ வெட்டும் ஏஜென்ட் ஒன்றுக்குக்
கருவிகளின் குறிப்பு எழுதுகிறேன்.
மொத்தம் பதினோரு கருவி.
ஒவ்வொரு வேலைக்கும் அது முதல் வரியிலிருந்து வாசிக்கும்.
நேற்று வாசித்தது நினைவில் இராது.
"இதுக்கு என்னக்கா அர்த்தம்?" என்று
டீ குடிக்கும்போது கேட்காது.
எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடும்.
அதுதான் எனக்குப் பயம்.

முதல் தடவை,
"வெட்டு: தொடக்கம், முடிவு" என்று எழுதி விட்டுவிட்டேன்.
நொடியா, பிரேமா? சொல்லவில்லை.
தங்கச்சிமடத்துக் கல்யாணம் ஒன்றுக்கு
ஐம்பது நொடி முன்னோட்டம் கேட்டால்
ஐம்பது பிரேம் கொடுத்தது.
தாலி கழுத்துக்குப் போகும் முன்பே, இரண்டு நொடியில்
முடிந்துபோனது கல்யாணம்.
மாப்பிள்ளை ஜெரோன் விழுந்து விழுந்து சிரித்தான்.
பணம் பாதிதான் தந்தான்.

அது சில்லறைத் தவறு.

சின்னப்பாலம் ராக்காயி பாசிக்குப் போவதை
ஒரு காலை முழுக்கப் படம் பிடித்தோம்.
விரல்களில் சுற்றிய பழந்துணி,
இடுப்பில் வலைப்பை.
கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவுகிறாள்,
"வர்றேன்" என்கிறாள்,
முங்குகிறாள்.
கேமரா தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறது.
நாற்பத்தியொரு நொடி.
கச்சான்கூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை.
பிறகு தலை, மூச்சு,
கை நிறைய மரிக்கொழுந்துப் பாசி.

ஏஜென்ட் திருப்பி அனுப்பிய படத்தில்
முங்கிய தலை உடனே எழுந்தது,
கோயில் குளத்தில் அவசர முழுக்குப் போட்டவள் மாதிரி.

என் போனில் பார்த்தாள் ராக்காயி.
"இம்புட்டுச் சீக்கிரமா மேல வந்தேன்?
அப்ப பாசிய எப்ப புடுங்குனேன்?"
குரலில் கோபம் இல்லை. கணக்குக் கேட்டாள்.

செயல் பதிவைத் திறந்தேன்.
ஏஜென்ட் காரணம் எழுதி வைத்திருந்தது:
"மௌனம் அகற்று. வேண்டாத இடைவெளிகளை நீக்கும். குறிப்பின்படி."
குறிப்பு என்னுடையது.

வேண்டாத.
யாருக்கு?
அந்தச் சொல்லை அடித்தபோது என் மனதில் இருந்தது
ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்,
பாதிரியாரின் இருமல்,
பக்கம் புரட்டும் தடுமாற்றம்.
என் மனதை அது எங்கே போய் வாசிக்கும்?

கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் பதினெட்டு சதம்.
எழுதினேன்:

  ஒலி மைனஸ் நாற்பது டெசிபெலுக்குக் கீழே இறங்கி
  இரண்டு நொடிக்கு மேல் நீடித்தால்
  அந்தப் பகுதியை வெட்டும்.
  இந்தக் கருவிக்குக் காது உண்டு, கண் இல்லை.
  பேட்டிக்கும் பிரசங்கத்துக்கும் சரி.
  யாராவது வேலை செய்யும் காட்சியில் பயன்படுத்தாதே.
  ஆள் கண்ணுக்குத் தெரியாதபோதும்
  வேலை நடந்துகொண்டிருக்கலாம்.
  சந்தேகம் வந்தால் வெட்டாதே.
  நேரத்தைக் குறித்து எனக்கு அனுப்பு.

'ஆள் கண்ணுக்கு' என்று தொடங்கும் வரியை
இரண்டு முறை அழித்தேன்.
குறிப்பில் கவிதை எதுக்கு என்பான் கூட்டாளி மஃரூப்.
அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம்.
ராக்காயி மறுபடி உடனே எழுந்தாள்.
"சரி, இருக்கட்டும்" என்றான்.

விடியற்காலை ஏஜென்டிடமிருந்து வந்தது:
"மூன்றாவது நிமிடம், பன்னிரண்டாவது நொடி முதல்
நாற்பத்தியொரு நொடி ஒலி இல்லை.
நீருக்குள் ஒருவர் இருக்கிறார். வெட்டவில்லை.
இதுபோல் இன்னும் இருபத்தாறு இடங்கள். பார்க்கவும்."

ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
பதினேழாவதில் யாரும் முங்கவில்லை.
கேமராவை அணைக்க மறந்திருக்கிறோம்,
வெறும் கடல்.
வெட்டலாம் என்று பதில் அடித்தேன்.
அனுப்பும் முன்
முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.