விளையுள்

துறைமுகக் கந்தோரிலிருந்து ஒரு கேள்விதான் வந்தது:
உட்துறையில் பக்கம் பக்கமாய்க் கட்டப்போகும் இரண்டு பார்ஜும்
சங்கிலி விட்ட அளவுக்கு ஆடினால்
முட்டுமா, முட்டாதா?
எங்கே என்று கேட்கவில்லை.

ஒன்றின் எல்லைக்கோடு ஆறாம் படிப் பல்லுறுப்பி,
மற்றது நாலாம் படி.
இரண்டிலும் எக்ஸ், இரண்டிலும் வை.
பெயர்தான் வை;
வைத்திருக்க முடியாது, நீக்க வேண்டும்.

பத்துக்குப் பத்துத் தாயம்.
முதலாவதின் குணகங்களுக்கு நாலு நிரை, இரண்டாவதுக்கு ஆறு,
ஒவ்வொன்றும் மேலே உள்ளதற்கு ஓரடி வலம் தள்ளி,
அந்த வருசம் பெற்றோல் கியூ நகர்ந்ததே, அப்படி.
மிச்ச இடமெல்லாம் பூச்சியம்.
துணிகோவையைக் காண் என்று கட்டளை கொடுத்துவிட்டுத்
தேத்தண்ணி போட்டேன். குடித்தேன். கோப்பையைக் கழுவினேன்.
குணகங்கள் ஊதிக்கொண்டே போயின,
ஒரு எண் மட்டும் திரையில் நாலு வரி.
மடிக்கணினி விசிறி கத்தியது.
பிறகு கரண்ட் போனது.

கோணேசபுரியில் அடுத்த மேசை முஃப்லிஹா,
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.
"பெரிய எண்ணோட ஏன் மல்லுக்கட்டுறீங்க,
மீதிய மட்டும் எடுங்க" என்றாள்.

முதன்மை எண் ஒன்றால் வகுத்து மீதியில் செய்.
இன்னொன்றால். இன்னொன்றால்.
பதினொன்றின் உலகில் பத்துக்கு மேல் எதுவும் வளராது.
ஏழு மட்டும் ஏழரையை இழுத்தது:
தலைக் குணகங்கள் இரண்டுமே ஏழின் மடங்கு,
முதல் நிரல் முழுக்கப் பூச்சியம்,
அதன் கண்ணுக்கு எல்லா இடத்திலும் முட்டல்.
கடைசியில் மீதிகளைச் சேர்த்துப் பின்னச் சீன மீதித் தேற்றம்.
உவர்மலை வீட்டு யன்னலில், தண்ணீருக்கு அப்பால்,
சீனக்குடா விளக்குகள்.
இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது.

விடியப்புறம் வந்தது விளையுள்.
வை இல்லை, எக்ஸ் மட்டும்.
இருபத்துநாலாம் படி, இருபத்துநாலு மூலம்.
ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
ஒன்றுகூட மெய்யில்லை.

என்றால், சந்திக்கத்தான் செய்கின்றன,
இருபத்துநாலு இடத்தில், சோடி சோடியாய்,
இந்தத் துறைமுகத்தில் இல்லாத ஏதோ ஒரு தண்ணீரில்.

கடிதத்தில் எழுதினேன்: முட்டாது.
கையெழுத்துக்கு மேல் நிறைய இடம் மிச்சம்.

முஃப்லிஹாவிடம் சொன்னேன்.
"இருபத்துநாலா" என்றாள்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"பாவம், அதையும் எழுதியிருக்கலாமே."

அவர்கள் கேட்கவில்லை, என்றேன்.