அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிய தாள்

சாவி தரும் நாளில் வீகாண்ட் உங்களுக்கு
சுவரைக் காட்டுவார், புது வெள்ளை.
தரையைத் தட்டிக் காட்டுவார்.
பாத்திரத் தொட்டிக்குக் கீழே குனியச் சொல்ல மாட்டார்.
நீங்களே குனியுங்கள்.

குழாய் சுவருக்குள் போகும் இடத்தில்
என் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை இருந்தது.
சுண்டுவிரல் நுழைந்தால் சுண்டெலி நுழையும்.
பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து
மேலே சாந்து பூசியிருக்கிறேன்.
அழகாக இல்லை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
எலிக்கு அது வாய்த்திருக்கிறது.
நமக்கு மூன்று மாத முன்பணம்,
பதினாறு பக்க ஒப்பந்தம்.

மாவைக் காகிதப் பையோடு வைக்காதீர்கள்.
முதல் குளிர்காலத்தில்
விளக்கைச் சுற்றிப் பழுப்பு அந்துகள் பறந்தன.
இரண்டு நாள் அழகு என்றே நினைத்தேன்.
மூன்றாம் நாள் மாவுப் பைக்குள்
நூல் கட்டி நெளிந்தது அந்த அழகின் பிள்ளைகள்.
கண்ணாடி ஜாடி, இறுக்கமான மூடி.
கெட்ட மாவைக் கொட்டாமல் கட்டி வைத்தேன்,
ஏனென்று தெரியாமலே.

இனி மேலே இருப்பதைப் பற்றி.

காசெல் நகரில் ரக்கூனும் ஒரு குடித்தனம்.
மழைநீர்க் குழாயைக் கட்டிப் பிடித்து
நான்கு மாடி ஏறும்,
ஓட்டின் விளிம்பைக் கையால் நெம்பும்,
ஆம், கை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் என் கட்டிலுக்கு நேர் மேலே
யாரோ சோபாவை இழுத்தார்கள்.
மேலே வீடு கிடையாது.
வீகாண்டுக்கு எழுதினேன்: தேதி, படம், பதிவுத் தபால்.
பதில் இல்லை.
மறுபடி எழுதினேன்.
மூன்றாம் கடிதத்தில் வாடகையைக் குறைப்பேன் என்றேன்.
அன்று மாலையே ஊடோ வந்தார்,
தகரம், திருகாணி, ஏணியோடு.

எதிர்வீட்டு யத்ராங்கா வீட்டுச் செருப்போடு
படியில் நின்று சொன்னாள்:
"அடைக்கும் முன்னால் காது கொடுங்கள்."
கொடுத்தோம்.
கூரைக்குள் மெல்லிய கீச்சு, ஒன்றல்ல.
"பறவை," என்றார் ஊடோ.
பறவை இல்லை என்று அவருக்கும் தெரியும்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு
இன்று வேண்டாம் என்றேன்.
ஊடோ சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார்.
"உடனடியாக என்று எழுதியிருக்கிறதே.
இது உங்கள் கையெழுத்துதானே?"
என் கையெழுத்துதான்.

பதினோரு வாரம் சமையலறையில் படுத்தேன்.
பழுது பார்க்க விடாதவர் நீங்களே,
ஆகவே முழு வாடகை, என்று எழுதினார் வீகாண்ட்.
அந்தக் கடிதம் மட்டும் மறுநாளே வந்தது.
கட்டினேன். கசப்போடுதான்.

ஜூலையில் சத்தம் ஓய்ந்தது.
ஓய்ந்ததை நம்பாதீர்கள்.
அந்தக் கெட்ட மாவை
ஓட்டை வாயில் தூவினார் ஊடோ.
காலையில் வெளியே போன கால்தடம்:
பெரியது ஒன்று, சின்னவை பல, எண்ண முடியாமல்.
மறுநாள் புதிய தடமே இல்லை.
அதற்கு மறுநாள் தகரம் அடித்தோம்.
குழாயைச் சுற்றி ஒரு மீட்டர் வழுவழுத் தகடு,
நகம் பிடிக்காதபடி.
இலையுதிர்காலத்தில் திருகாணிகளைப் பாருங்கள்,
மேற்கு மூலையில் இருப்பது தளரும்.

அன்றிரவு கட்டிலுக்குத் திரும்பினேன்.
நடுநிசியில் தகட்டில் நகம்,
சர்ரென்று வழுக்கல்,
மறுபடி நகம், மறுபடி வழுக்கல்.
வெற்றி போல இல்லை அந்தச் சத்தம்.
பிறகு முற்றத்தில் குப்பைத் தொட்டி உருண்டது.
மூடிக் கொக்கியை நான்தான் மாட்ட மறந்திருந்தேன்.
நள்ளிரவில் கோட்டு மாட்டிக்கொண்டு
உருளைக்கிழங்குத் தோல் பொறுக்கினேன்.

செவ்வாய் காலையில் மட்டும் கொக்கியை அவிழுங்கள்.

கடைசியாக ஒன்று.
ஜன்னல் கட்டையில் நான்கு கீறல்,
ஒப்படைப்புத் தாளில் என் பெயரில் ஏறியிருக்கிறது,
முன்பணத்தில் நாற்பது யூரோ கழிவு.
ஐந்தாவது கீறல் திரைக்குப் பின்னால் இருக்கிறது,
அவர்கள் பார்க்கவில்லை.
பெட்டியைப் பிரிக்கும் முன்பே படம் எடுங்கள்,
தேதி தெரியும்படி.

— டோர்த்தே, நான்காம் மாடி, இடப்பக்கம்