ஏழு கிளிக்

போன ஜூலையில், தேவாலயம் தாண்டிய மேட்டில்
இரண்டு சக்கரமும் தரையை விட்டன.
முன் சக்கரம் சற்றே கோணலாக இறங்கியது.
ஹேண்டில்பார் என்னைக் கேட்காமலே
இல்லை இல்லை இல்லை என்று தலையாட்டியது.
மணிக்கு நூற்று முப்பது மைல்.
இடப்பக்கம் கல்வேலி. வலப்பக்கம்
மடக்கு நாற்காலியில் சாண்ட்விச் தின்னும் குடும்பம்.
எப்படி நின்றது என்று கேட்காதீர்கள்.
இறுக்கிப் பிடிக்க மறந்துபோனேன்,
அதனால்தான் நின்றிருக்க வேண்டும்.

'டேம்பர் வாங்கு, ஊனா,' என்றான் லோர்க்கன்
என் கையுறையை உரித்துக்கொண்டே.
ரொட்டி வேன் ஓட்டுகிறவளுக்கு
டீசல் போக மிஞ்சுவது
அவனுக்கும் தெரியும்.

ஆனாலும் குளிர்காலம் முழுக்க அதே பேச்சு.
டேங்க் முன்னால் குந்தியிருக்கும் வட்ட டேம்பர்,
தங்க நிறம், மூன்று மாத வாடகை.
தானே யோசிக்கும் மின்னணுச் சரக்கு ஒன்று;
என் வண்டியின் வயதுக்கு
அதைப் பொருத்தினால் ஊர் சிரிக்கும்.
பக்கவாட்டில் படுத்திருக்கும் நீளத் தண்டு வகை
மலிவு, கொஞ்ச நாளில் எண்ணெய் கசியும்.

அதற்கெல்லாம் முன்னால் லோர்க்கன்
பால் கிரேட்டை அடியில் கொடுத்து
முன் சக்கரத்தைத் தூக்கினான்.
ஒற்றை விரலால் ஹேண்டிலைத் திருப்பினான்.
நட்டநடுவில் ஒரு 'கட்'.
கழுத்து பேரிங்கில் பள்ளம்.
பத்தொன்பது பவுண்டு. ஒரு சனிக்கிழமை. நான்கு கெட்ட வார்த்தை.
டேம்பரை முதலில் மாட்டியிருந்தால்
பல்வலிக்குப் போர்வை போர்த்திய கதையாகியிருக்கும்.

பேரிங்கை மாற்றலாம். மேட்டை மாற்ற முடியாதே.

ஆர்மா பக்கம் ஆப்பிள் மரங்கள்
மொட்டையாக நின்ற ஜனவரியில்
பழைய தண்டு ஒன்று விலைக்கு என்று கேள்விப்பட்டுப் போனேன்.
டீர்னன். ஐந்து வருடம் ஓட்டி விட்டுவிட்டவன்.
ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை,
நாய்தான் எங்களுக்காக நிறையக் குரைத்தது.

சமையலறை மேசையில், வெண்ணெய்க்குப் பக்கத்தில்,
அவன் மனைவி கிரான்யாவின் கையில் இருந்தது டேம்பர்.
பேசிக்கொண்டே தண்டை உள்ளே தள்ளினாள், வெளியே இழுத்தாள்.
மெல்லத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போயிற்று.
வெடுக்கென்று தள்ளினால்
சுவரில் கை வைத்ததுபோல் நின்றது.

நான் வாங்கிப் பார்த்தேன்.
அப்படியேதான்.
தண்டைச் சுற்றிக் கசிவு இல்லை, கீறல் இல்லை,
முனைப் பந்தில் கொஞ்சம் ஆட்டம்.
அது எனக்கு மன்னிக்கக்கூடியது.

'எத்தனை கிளிக்கில் வைப்பீர்கள்?'
'ஏழு,' என்றான் டீர்னன், தேநீரைப் பார்த்து. 'எப்பவும் ஏழு.'
அவன் முதுகுக்குப் பின்னால் கிரான்யா
நான்கு விரலைக் காட்டினாள்.

விலை அறுபது என்று அவன்.
எண்பது என்று அவள்.
'இது ஜன்னலோரம் கிடக்கிறது,' என்றாள்,
'போன் மணி அடிக்கும்போதெல்லாம்
எடுத்துத் தள்ளிக்கொண்டிருப்பேன்.
இப்போ கைக்கு வேறு ஏதாவது பார்க்க வேண்டாமா?'
எண்பதைக் கொடுத்தேன்.
தேநீர்த் துண்டில் சுற்றித் தந்தாள்.
துண்டைத் திருப்பித் தர வேண்டும் என்று
கார்க் கதவு வரை வந்து சொன்னாள்.

வீட்டில் பொருத்தியதும்
இடக்கோடி, வலக்கோடி திருப்பி
டேங்கில் இடிக்கவில்லை என்று பார்த்தேன்.
ஒரு ஆர்வத்தில் ஏழில் வைத்து
முற்றத்தில் மெதுவாக ஒரு வட்டம்.
ஒவ்வொரு திருப்பலுக்கும் வண்டி தாமதமாகத் தலையசைத்தது,
அரைத்தூக்கத்தில் எழுப்பப்பட்டவனைப் போல.
குப்பைத் தொட்டியைத் தட்டிவிட்டேன்.

நான்கு.

மே மாத முதல் பயிற்சி. அதே தேவாலயம், அதே மேடு.
சக்கரம் இறங்கியபோது ஹேண்டில்
'இல்...' என்று தொடங்கியது.
அடுத்த வளைவு வந்துவிட்டது.

துண்டை இன்னும் திருப்பித் தரவில்லை.