உப்பு, வினைச்சொல்லாக

கோரிமேட்டில் மழை பிடித்து மூன்றாம் நாள்.
கடலூர் பஸ் இல்லை. லேபிலேயே இருந்துவிட்டேன்.
கினிப்பன்றியின் இதயத்திலிருந்து பிரித்த
ஒற்றைச் செல்லின் மேல்
கண்ணாடி ஊசியை இறக்கி
வாயால் மெல்ல உறிஞ்சுகிறேன்.
பிடித்துக்கொண்டது.

செங்கல் போல் இருக்கிறது அது,
குறுக்கே ரூல் போட்ட நோட்டின் வரிகள்.
ஒவ்வொரு துடிப்பும் திரையில்
ஏறி, மேட்டில் சற்று நின்று, இறங்குகிறது:
இருநூற்று எண்பது மில்லிநொடி.

குழாயைத் திருப்பி
உப்புக் குறைத்த கரைசலை விடுகிறேன்.
உப்பு குறைந்தால் உப்பும்.
இதையே இங்கிலீஷில் சொல்ல
ஜெசிந்தாவும் நானும் நாலு வரி செலவழித்தோம்.

ஐந்து நிமிடம்.
செங்கல்லின் விளிம்பு மழுங்குகிறது.
சவ்வு இழுபட்டு
குளோரைடின் கதவுகள்
யாரும் தட்டாமலே திறக்கின்றன.
மேடு சரிகிறது,
இருநூற்று நாற்பது, இருநூற்றுப் பத்து.
ஓய்வுநிலைக்கும் ஓய்வில்லை,
ஐந்து மில்லிவோல்ட் மேலே ஏறி நிற்கிறது.
சீக்கிரம் முடிந்த துடிப்பு
அடுத்ததற்குச் சீக்கிரம் தயாராகிவிடும்.
அதுதான் பயம்.

முதுநகரிலிருந்து அண்ணி போன்.
கெடிலத்து வெள்ளம் இறங்கி
உப்பனாற்றில் உப்பே இல்லையாம்.
வீட்டிலும்தான் இல்லை
ஆடியிலிருந்து.

ஆடியில்தான் அண்ணன் வில்வநாதனுக்கு அடைப்பு.
ஐஸ் ஃபேக்டரியிலிருந்து தூக்கிவந்தார்கள்.
"திறந்தாச்சு" என்று டாக்டர் சொன்ன வாய் மூடவில்லை,
மானிட்டர் கிறுக்கத் தொடங்கியது.
பட்டினி கிடந்த செல்கள்
உள்ளே கழிவைச் சேர்த்து வைத்திருந்தன,
வெளியே புது ரத்தம்.
தண்ணீருக்குச் சேர்ந்த பக்கம் போகத்தான் தெரியும்.
ஷாக் கொடுத்தார்கள். இரண்டு தடவை.

"அடைச்சிருந்தப்ப சும்மா இருந்துச்சு,
திறந்தப்புறம் ஏன் அப்படி ஆச்சு?"
இன்னும் கேட்கிறான், ஏதோ நான் திறந்ததுபோல.
இதுவாக இருக்கலாம் என்கிறேன்.
வேறாகவும் இருக்கலாம்.
ஒரு செல்லை வைத்துக்கொண்டு
ஓர் அண்ணனைச் சொல்லிவிட முடியாது.

பழைய கரைசலுக்குத் திருப்புகிறேன்.
சுருங்குகிறது. வரிகள் நெருங்குகின்றன.
இருநூற்று ஐம்பது.
இருநூற்று அறுபத்தைந்து.
அங்கேயே நிற்கிறது.
ஜன்னலில் மழை.
இன்னும் பத்து நிமிடம் பார்க்கிறேன்.

செல் எண் பதினேழு:
மீண்டது,
ஏறக்குறைய.