கரிக்கோடு

ஞாயிறு பத்து மணிக்கு
வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில்,
ஹில்மியின் வளர்ப்புமீன் கடைக்குப் பின்னால் கூடுவோம்.
ஐந்து பேர், சில கிழமை ஏழு.
ரயில் போகையில் எல்லாத் தொட்டியும்
ஒரே நேரம் நடுங்கும்.
பேச்சை நிறுத்தி,
ரயில் போனதும்
விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம்.

டெரன்ஸ் டிஸ்கஸ் வளர்க்கிறான்,
அதனால் குரலும் கொஞ்சம் உயரம்.
சிவகடாட்சம் வங்கியில் கடன் பிரிவு;
மீனென்றாலும் முகம் பார்த்துத்தான் நம்புவார்.
நான் வெறும் கப்பிக்காரன்.
ஆனால் பதினொரு வருடம்.

தூணில் ஒரு கணக்கு இருந்தது.
"குழாய்த் தண்ணியை
எத்தனை நாள் வைச்சு ஊத்த வேணும்?"
புதிதாய் யார் வந்து இதைக் கேட்டாலும்
ஒரு கரிக்கோடு.
நாலு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே.
அன்றைய பிளேன்டீ கேட்டவர் கணக்கில்.
பகிடிதான்.
யாரையும் அடித்ததில்லை நாங்கள்.

மெரில்டா கொச்சிக்கடையிலிருந்து வந்தாள்,
இரவு டியூட்டி முடித்த கண்ணோடு.
ஜாம் போத்தலில் செத்த மீன் ஒன்று,
வாலில் மட்டும் நிறம் மிச்சம்.
கேட்டாள்.
அதே சொற்கள், ஒன்றும் கூடாமல் குறையாமல்.
டெரன்ஸ் என்னைப் பார்த்தான்.
நான் கரித்துண்டை எடுத்தேன்.

எல்லோரும் சிரித்தோம்.
அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்,
எங்களுக்குத் துணையாக.
"முதல் படிச்சிட்டு வாங்கோ தங்கச்சி."
சொன்னது நான்தான்.
எதைப் படிப்பது என்று சொல்லவில்லை.

ஆறு தேநீருக்குக் காசு வைத்தாள்.
தான் குடிக்கவில்லை.
போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
ஒழுங்கையில் ஏறிப் போனாள்.

அவள் போன பிறகுதான் சண்டை வந்தது.
ஒரு நாள் போதும் என்றேன்.
இரண்டு என்றார் சிவகடாட்சம்.
நாளெல்லாம் எதற்கு, மருந்தில் ரெண்டு சொட்டு என்றான் டெரன்ஸ்.
மூடாத வாளி, வெயில் பட வேண்டும் என்றான் ஹில்மி.
பன்னிரண்டு மணிவரை கத்தினோம்.
நாற்பத்தொரு பேருக்குச் சொல்லாத பதில்
எங்களிடமும் இல்லை.

மாசியில் முப்பது மணிநேரத் தண்ணீர் வெட்டு.
திரும்பி வந்த தண்ணீரில்
நீச்சல் தடாகத்து வாசம்.
வழமைபோல் ஓர் இரவு வைத்துத்தான் ஊற்றினேன்.
விடிய, பதினேழு கப்பி
வயிற்றை மேலே காட்டிக்கொண்டு.

ஓடினேன். ஞாயிறுகூட இல்லை, செவ்வாய்.
"ஹில்மி, எத்தனை நாள்தான் வைக்க வேணும்?"

கதிரை இழுத்துப் போட்டான்.
டெரன்ஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தான்.
சிவகடாட்சம் மருந்துக் குப்பியை
ஓட்டோவில் கொடுத்தனுப்பினார்.
தேநீர் வந்தது. காசு கேட்கவில்லை.
தூண் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.
பதினொரு வருடத்துக்குக் கோடு விழாது.
நான் மட்டும் பார்த்தேன்.
நாற்பத்தொன்றோடு நின்றிருந்தது.

சித்திரைக்கு முதல் கிழமை
செட்டியார் தெரு நிறுத்தத்தில் அவளைக் கண்டேன்.
கையில் பொலித்தீன் பை, உள்ளே தண்ணீர்,
தண்ணீருக்குள் இரண்டு செம்மஞ்சள்.
வேறு கடை.
என்னைக் கண்டதும் ஷோலை இழுத்து
பையை மூடினாள்,
பிள்ளைக்குக் கண்ணூறு படாமல்
மறைப்பார்களே, அப்படி.

இரண்டு நாள், தங்கச்சி.
வெட்டு வந்தால் மூன்று.
வாயெடுக்க முன்னம் பஸ் வந்து
இடையில் நின்றது. போனபோது
அவளும் இல்லை.

போன ஞாயிறு பள்ளிக்கூடப் பையன் ஒருவன்
தொட்டியில் விரலை வைத்தபடி
"அங்கிள், குழாய்த் தண்ணியை..." என்று தொடங்கினான்.
டெரன்ஸ் தூணடியில் தடவினான்.
கரித்துண்டைக் காணவில்லை.
ரயில் வந்தது, எல்லோரும் பேச்சை நிறுத்தினோம்.

இப்போது துணி தோய்க்கிற இடத்திலிருந்து
மனைவி கேட்கிறாள்,
சட்டைப் பையில் இதென்ன கறுப்பு என்று.
இது மூன்றாம் தரம்.