உருளைக்குள் காற்று

ஊத்துக்கோட்டைப் பக்கம் அறுப்பு முடிந்து
மூன்றாம் நாள் வயலில் மிஷின் இறங்கும்.
உருளைக்கு நாற்பது ரூபாய்.
எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால்
பரந்தாமன் இறுக்கிச் சுற்ற மாட்டான்.
பதினைந்து கிலோ இருக்க வேண்டியது
பதினொன்றிலேயே முதிர்ந்து வெளியே விழும்.
மிச்சம் நாலு கிலோ காற்று.
அதற்கும் சேர்த்துத்தான்
லாரி வாடகை தருகிறேன்.

நிலத்துக்காரருக்கு ஐம்பது,
மிஷின் நாற்பது,
ஏற்ற எட்டு, இறக்க ஏழு,
முந்நூறு உருளைக்குப் பன்னிரண்டாயிரம் லாரி,
வகுத்தால் அதுவும் ஒரு நாற்பது.
பாரம் உயரம் என்று வழியில்
கை காட்டுபவருக்காக உருளைக்கு ஐந்து
'இதர' என்ற தலைப்பில் நானே எழுதிக்கொள்வேன்.
ஆக நூற்றைம்பது.

மாதவரத்தில் நான் சொல்லும் விலை
நூற்றுத் தொண்ணூறு.
மாதவரத்தில் எனக்குக் கிடைக்கும் விலை
'அடுத்த வாரம் தரேன்க்கா.'

துலுக்காணத்துக்கு எட்டு மாடு.
ஒன்றை மாநகராட்சி வண்டி ஏற்றிப்போனது.
அபராதம் கட்டி மீட்டு வந்தான்,
எனக்குத் தர வேண்டிய பணத்தில்.
இனிக் கடன் இல்லை என்றால்
வைக்கோற்போர் நாய் என்கிறான்,
தின்னவும் மாட்டாய், தின்ன விடவும் மாட்டாய் என்று.
'நீ குடுக்காட்டி போ,
கோயம்பேட்டுல கோசு இலை கெடக்குது,
செவுத்துல போஸ்டர் கெடக்குது.'
எனக்குப் போட்டி
வேறு வைக்கோல் வியாபாரி இல்லை,
நேற்று ஒட்டிய சுவரொட்டி.
பசை ஈரம் காயாதது.

ஐப்பசியில் தார்ப்பாய் கிழிந்தது.
அறுபத்திரண்டு உருளை நனைந்தன.
நடுவில் கையை விட்டால்
இட்லிப் பானையைத் திறந்த மாதிரி.
இரண்டு இரவு தூங்கவில்லை,
தானாகவே பற்றிக்கொள்ளும் என்பார்கள்.
இன்சூரன்ஸ்காரர்
வைக்கோல் என்றதும் பேனாவை மூடியவர்.
நனைந்தது எடை கூடும்.
எடைக்கு வாங்குகிறவன் எவனாவது வந்தால்
என்று யோசிக்காமலும் இல்லை.
வந்தான் ஒருவன், ரெட்டில்ஸிலிருந்து.
பூஞ்சை பிடித்ததைத் தின்றால்
சினை மாடு கன்றை வீசிவிடும் என்று
அவனிடம் நானே சொன்னேன்.
ஏன் சொன்னேனோ.
கடைசியில் செடி விற்கிறவர்
உரத்துக்கு என்று உருளை இருபதுக்கு எடுத்துப்போனார்.

இன்று காலை
ஹெல்மெட் போட்ட பையன் ஒருவன் பைக்கில் வந்தான்.
கொளத்தூரில் பதினாலு மாடி எழும்புகிறதாம்.
திருஷ்டி பொம்மைக்கு வைக்கோல் வேண்டும்.
'நல்லா கெட்டியா கட்டினதா குடுங்க,
போன தடவை தொந்தி சரிஞ்சி
பேன்ட் அவுந்துடுச்சி.'
அடுக்கில் ஏறி
ஒவ்வொன்றையும் முட்டியால் அழுத்திப் பார்த்தேன்.
எல்லாம் பரந்தாமன்.
கடைசி வரிசையில் ஒன்று,
மிஷினில் புதுப் பையன் ஏறிய அன்று சுற்றியது போல.
கல் மாதிரி இருந்தது.

ஐந்நூறு ரூபாய்த் தாள்.
பேரம் இல்லை.
மீதி வேண்டாம், சைட் செலவு என்றான்.
பொம்மைக்குப் பாதி போதும் என்று
கயிற்றை அறுத்துப் பாதியை
வாசலிலேயே தள்ளிவிட்டுப் போனான்.

இந்த மாதத்தில் கையில் விழுந்த
முதல் ரொக்கம் அது.
பால் தராத, சாணி போடாத,
மீசை வரைந்த ஒரு வயிற்றுக்காக.

துலுக்காணம் கேனோடு நின்றிருந்தான்.
'அந்தப் பாதி?' என்றான்.
எடுத்துக்கோ என்றேன்.
தோளில் போட்டுக்கொண்டான்.
நோட்டைத் திறந்தேன்.
விற்றுக் காசும் வாங்கிவிட்ட உருளைதான்,
எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
தொண்ணூற்றைந்து.
அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.
எழுதினேன்.